காவடி கப்பலேறிய கதை

ஒரு சின்ன க்விஸ். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை முதலில் கிடைத்தது எங்கே? தமிழ்நாட்டிலா, மலேசியாவிலா?

"பழனியே நம்ம ஊர்லதான் இருக்கு, இதுல என்ன சந்தேகம்"னு நினைச்சிருந்தா, பதில் தப்பு. பினாங்கு, பேராக், சிலாங்கூர் மாதிரியான மலேசிய மாநிலங்களில் பல வருஷமாகவே தைப்பூசம் விடுமுறை நாள். கோலாலம்பூருக்கு 2008ல் கிடைத்தது. மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க லீவு. சிங்கப்பூரில் 1968 வரைக்கும் இருந்தது, பிறகு எடுத்துட்டாங்க (ஏன்னு பின்னால சொல்றேன்). தமிழ்நாட்டில் பொது விடுமுறை என்று அறிவிப்பு வந்தது 2021 ஜனவரியில்தான்.

நம்ம ஊர்த் திருவிழா ஒன்று கடல் தாண்டிப் போய், அங்கே நம்மைவிடப் பெரிதாக வளர்ந்து, கடைசியில் இங்கே வந்து சேர்கிற மாதிரி இருக்கு இல்லையா? புலம்பெயர்வு ஒரு திருவிழாவை என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள தைப்பூசத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதைத்தான் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

எதை எடுத்துட்டுப் போக முடியும்?

உங்க ஊர் மாரியம்மன் திருவிழாவை ஒரு பிளாக் டயகிராம் மாதிரி வரைஞ்சு பாருங்க. காப்புக் கட்டணும். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தோட அல்லது ஒரு தெருவோட மண்டகப்படி. முதல் மரியாதை இன்னாருக்கு. பானையும் மண் குதிரையும் செய்ய வேளார் வீடு. கொட்டுக்கு ஒரு குழு. சாமி குளிக்க ஒரு குளம். செலவுக்குக் கோவில் நிலம். இந்த பிளாக் எல்லாமே அந்த ஒரு மண்ணோட வயர் பண்ணியிருக்கு. ஒரு வயரைப் பிடுங்கினா அடுத்தது ஆடும்.

இப்போ 19ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிய ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. இந்த டயகிராமில் எதை அவரால் எடுத்துட்டுப் போக முடியும்? குளத்தை முடியாது, நிலத்தை முடியாது, முறைக்காரர்களையும் முடியாது. அவர்கிட்ட இருக்கிறது நேர்த்திக்கடன் மட்டும்தான். "முருகா, பிள்ளை பிழைச்சா உனக்குக் காவடி எடுக்கிறேன்" என்ற வேண்டுதலுக்கு ஊர் வேண்டாம், பட்டா வேண்டாம். எளிமையான காவடி என்பது தோளில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் இரண்டு செம்பு, அவ்வளவுதான். ஒரு ஆளால் தூக்க முடிந்த திருவிழா அது. அதனால்தான் கடல் தாண்டிய திருவிழாக்களில் காவடியும் தீமிதியும் முன்னால் நிற்குது. இரண்டுக்கும் முக்கியமான மூலப்பொருள் பக்தரோட உடம்பு.

கப்பலேறியவர்கள் இரண்டு வகை. ஒரு பக்கம் நகரத்தார். பர்மா, மலாயா, சைகோன் என்று "கொண்டு விற்க"ப் போனவர்கள். பழனிக்குக் காவடி கட்டி நடக்கும் வழக்கம் அவர்களுக்குப் பல தலைமுறையாக உண்டு. போன ஊரில் எல்லாம் கிட்டங்கிக்குப் பக்கத்திலேயே ஒரு தண்டாயுதபாணி கோவில் எழுப்பினாங்க. சிங்கப்பூர் டேங்க் ரோடு கோவில் 1859ல் வந்தது. பினாங்கில் நகரத்தாரின் வெள்ளித்தேர் இங்கிருந்து கப்பலில் 1894ல் போனது. காசு இருந்தது, அதனால் தேரையே ஏற்றுமதி பண்ண முடிந்தது.

இன்னொரு பக்கம் தோட்டத் தொழிலாளிகள். சஞ்சிக்கூலியாகவும், பிறகு கங்காணி கூட்டிட்டுப் போன ஆளாகவும் மலாயா ரப்பர் காட்டுக்குப் போனவங்க. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ல் நின்றது. கங்காணி வழியாக ஆள் போவது 1938 வரைக்கும் தொடர்ந்தது. லயத்து வீட்டுக்குப் பக்கத்தில் மரத்தடியில் ஒரு கல், அதுதான் மாரியாத்தா. அந்தக் கல் நின்ற நிலம் வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

பெயரிலேயே தொடங்கிய மாற்றம்

கோலாலம்பூருக்கு வெளியே இருக்கும் சுண்ணாம்புக்கல் குகைக்குப் பெயர் பத்து கேவ்ஸ். பக்கத்தில் ஓடும் சுங்கை பத்து ஆற்றின் பெயர் அது. மலாய் மொழியில் "பத்து" என்றால் கல். தமிழன் காதில் அது எண்ணாக விழுந்தது. "முருகனுக்கு ஆறுபடை வீடு அங்கே, மிச்சம் நாலு இங்கே, இது பத்தாவது மலை" என்று ஒரு கணக்கே உருவாயிடுச்சு! பத்துமலை என்ற பெயரில் இருப்பது பாதி மலாய், பாதி தமிழ். ஆனா அந்தப் பெயரைச் சொல்லும்போது யாருக்கும் அந்நியமாகத் தெரியாது. புதிய மண்ணைச் சொந்தமாக்கிக்கொள்ள முதல் வேலை அதுக்கு நம்ம வாயில் நுழையும் ஒரு கதையைக் கொடுப்பது. நம்ம ஆளுங்க அதைச் சரியாவே செஞ்சிருக்காங்க.

அங்கே கோவில் வரக் காரணமானவர் கே. தம்புசாமிப் பிள்ளை. சிங்கப்பூரில் பிறந்த தமிழர். கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோவிலையும் தொடங்கியவர். குகை வாசல் வேல் வடிவில் இருந்ததைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் வந்ததாகச் சொல்வாங்க. 1891ல் முருகன் சிலை நிறுவப்பட்டது, 1892ல் முதல் தைப்பூசம். 1920ல் மரப்படி, 1940ல் கான்கிரீட் படி, மொத்தம் 272. இன்றைக்கு மகாமாரியம்மன் கோவிலில் இருந்து வெள்ளி ரதம் முந்தின ராத்திரி கிளம்பி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து வருது. கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டும் என்று சொல்றாங்க.

இங்கிருந்து போனது எவ்வளவு, அங்கே சேர்ந்தது எவ்வளவு?

இணையத்தில் அடிக்கடி ஒரு "தகவல்" சுத்தும்: "இந்தியாவில் அலகு குத்தத் தடை, அதனால்தான் மலேசியாவில் நடக்குது." நம்பாதீங்க. நம்ம ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கோ பங்குனி உத்திரத்துக்கோ போனவங்களுக்குத் தெரியும், இங்கே அலகு குத்துவது சர்வசாதாரணம். கடல் தாண்டினதும் மாறியது அதோட அளவும் வடிவமும்.

இங்கே மரத்தண்டும் மயில்தோகையுமாக இருந்த காவடி, அங்கே தோளிலும் இடுப்பிலும் தாங்கும் அலுமினிய, எஃகுச் சட்டமாக மாறிச்சு. ஆளைவிட உயரமான அலங்காரம், உடம்பைச் சுற்றி வட்டமாக நிற்கும் மெல்லிய வேல்கள். மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்கள் இதை ரசிப்பாங்க: பாரம் இடுப்புக்கு இறங்கணும், 272 படி ஏறும்போது சாயக்கூடாது, கூட்டத்தில் திரும்பவும் முடியணும். வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து பசங்களே இதை வடிவமைக்கிறாங்க. கூடவே உறுமி மேளம். இங்கே தேவராட்டத்தோடும் கிராமத்துச் சாமியாட்டத்தோடும் நாம் பார்க்கிற உறுமி, மலேசிய இளைஞர்களுக்கு அடையாளமாகவே ஆயிடுச்சு. சீருடை போட்ட குழுக்கள் நிறைய இருக்கு.

இன்னொரு சேர்க்கை, அக்கம்பக்கத்தார். பினாங்கில் தேர் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் சீனர்களும் சாலையோரம் தேங்காயைக் குவிச்சு வெச்சு உடைக்கிறாங்க. அவங்களுக்கும் வேண்டுதல் இருக்கு, கடை நல்லா ஓடணும், பையன் பாஸாகணும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காவடியே எடுக்கும் சீனர்கள் உண்டு. ஊரில் இந்தத் திருவிழா யாருடையது, எந்த வரிசையில் யார் நிற்கணும் என்று கறாராக இருந்த கோடுகள், தெருவுக்கு வந்த திருவிழாவில் கொஞ்சம் அழிஞ்சிருக்கு. முழுசா அழியலை. ஜாதியும் அதே கப்பலில்தான் போச்சு, தோட்டத்து லயங்களிலும் அது இருந்தது. ஆனா மண்டகப்படி இல்லாத இடத்தில், தோளில் காவடி இருக்கிற எவரும் முன்னால் நடக்கலாம்.

இப்படி ஏன் பெரிசாச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. வருஷம் முழுக்க விடியற்காலையில் மணியடிச்சதும் பால்மரம் வெட்டப் போறவர், பேரேட்டில் பெயருக்குப் பதில் ஒரு எண்ணாக இருந்தவர், ஒரே ஒரு நாள் நகரத்தின் நடுவீதியில் நடக்கிறார். போக்குவரத்து அவருக்காக நிற்குது. அந்த ஒரு நாளை அவர் சின்னதாகவா செய்வார்?

அரசாங்கமும் திருவிழாவை வடிவமைக்கும்

சிங்கப்பூர் கதைக்கு வருவோம். 1968ல் விடுமுறை நாட்களின் எண்ணிக்கையைக் குறைக்க அரசு முடிவு பண்ணிச்சு. ஒவ்வொரு சமயத்தாரும் சிலதை விட்டுக்கொடுக்கணும். இந்துக்களுக்கு முன்னால் இருந்த கேள்வி: தீபாவளியா, தைப்பூசமா? தீபாவளி நின்றது, தைப்பூசம் போச்சு. 1973ல் ஊர்வலத்தில் வாத்தியங்களுக்கும் தடை. குழுக்களுக்கு நடுவில் வந்த சண்டைகள் காரணமாகச் சொல்லப்பட்டது. சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 2016ல். இரண்டு தலைமுறை அங்கே மேளமில்லாத காவடியைத்தான் பார்த்து வளர்ந்தது.

ஆனாலும் விடுமுறை இல்லாத வேலைநாளில், லீவு போட்டுவிட்டு, சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோவிலில் காவடி கட்டி டேங்க் ரோடு முருகன் வரைக்கும் நடக்கிறாங்க. மாமன் வீட்டில் கிளம்பி மருமகன் வீட்டுக்குப் போற மாதிரி! நம்ம ஊரில் இப்படி ஒரு பாதை யோசிக்கவே வராது. அங்கே கோவில்களும் சாலைகளும் அமைந்த விதத்தில் அது இயல்பாயிடுச்சு.

ஐரோப்பாவுக்குப் போனால் நாட்காட்டியே வளையும். இலங்கையில் நடந்த போரால் புலம்பெயர்ந்த தமிழர்கள் பாரிஸ் லா ஷப்பல் பகுதியில் நடத்தும் பிள்ளையார் தேர் எப்பவும் ஞாயிற்றுக்கிழமை. திதி, நட்சத்திரத்தோடு வேலை நாளும் பஞ்சாங்கத்தில் ஒரு அங்கமாயிடுச்சு. ஜெர்மனியின் ஹம் நகரில் 2002ல் எழுந்த காமாட்சி அம்பாள் கோவிலில் தீர்த்தோற்சவம் சரக்குக் கப்பல் போற கால்வாயில் நடக்குது. குளத்தைத் தூக்கிட்டுப் போக முடியாதுன்னு முதலில் சொன்னேனே, அதுக்கு இப்படி ஒரு மாற்று வழி.

பட்டா இல்லாத சாமி

இதுவரைக்கும் எல்லாம் வெற்றிக்கதை மாதிரி இருக்கு. இப்போ அந்தத் தோட்டத்து மாரியாத்தாவுக்கு வருவோம்.

ரப்பர் விலை இறங்கி, தோட்டங்கள் எண்ணெய்ப்பனைக்கும், வீட்டு மனைக்கும், தொழிற்பேட்டைக்கும் மாறினபோது லயத்து வீடுகள் காலியாச்சு. தலைமுறை தலைமுறையா அங்கேயே இருந்த குடும்பங்கள் நகரத்தின் ஓரங்களுக்கு வந்தாங்க. அது இரண்டாவது புலம்பெயர்வு. இந்த முறை சாமியைக் கூட்டிட்டு வர வழியில்லை. கோவில் நின்ற நிலம் அவங்க பேரில் இல்லை. நூறு வருஷம் கும்பிட்ட கோவில் காகிதத்தில் "அனுமதியில்லாக் கட்டடம்". பல கோவில்கள் இடிக்கப்பட்டன. 2007 அக்டோபர் 30, தீபாவளிக்குச் சில நாள் முன்னால், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் ஒரு மாரியம்மன் கோவில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25ல் இண்ட்ராப் பேரணியில் ஆயிரக்கணக்கான மலேசிய இந்தியர்கள் கோலாலம்பூர் தெருவில் கூடினாங்க. கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் வந்தது. அடுத்த ஜனவரியில் கோலாலம்பூருக்குத் தைப்பூச விடுமுறை அறிவிப்பு. மார்ச்சில் பொதுத்தேர்தல், அதில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது.

தேதிகளை வரிசையா வெச்சுப் பாருங்க. அந்த விடுமுறையைப் பக்திக் கணக்கில் மட்டும் எழுத முடியாது. பத்துமலையில் பத்து லட்சம் பேர் கூடுவது அவங்களுக்கு ஒரு வருடாந்திரக் கணக்கெடுப்பு: "நாங்க இருக்கோம், எண்ணிக்கோங்க." சுற்றுலாப் படங்களில் தெரியும் வண்ணத்துக்கு உள்ளே, இடிபட்ட சின்னச் சின்னக் கோவில்களின் ஜனமும் நடந்து போகுது.

மொழி போயும் காவடி இருக்கு

ரீயூனியன் தீவுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களின் வாரிசுகள் இன்றைக்குப் பேசுவது கிரியோலும் பிரெஞ்சும். மொரீஷியஸிலும் அன்றாடப் பேச்சு கிரியோல்தான். ஆனா காவடியும் தீமிதியும் விடலை. உடம்பு ஞாபகம் வெச்சிருப்பதை நாக்கு மறந்துடுச்சு. சைகோனில் இன்னும் விசித்திரம். நகரத்தார் ஊர் திரும்பிட்டாங்க, கோவில்கள் அங்கேயே இருக்கு. அந்த ஊர் மாரியம்மன் முன்னால் இன்றைக்கு ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுறவங்களில் பெரும்பாலானோர் வியட்நாம்காரர்கள், சீன வம்சத்தவர்கள்.

இதில் எது "ஒரிஜினல்"? மொழி தெரிந்த நாம, காவடி எடுக்காமல் லைவ் பார்க்கிறோம். மொழி தெரியாத ரீயூனியன் பையன் விரதம் இருந்து எடுக்கிறான். எனக்கு இதுக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியலை. ஆனா "அங்கே இருக்கிறது கலப்படம், இங்கே இருக்கிறது சுத்தம்"னு இனிமே சொல்ல வராது.

இதே கேள்வி 2018ல் பத்துமலையிலும் வந்தது. 272 படிகளுக்கும் வானவில் மாதிரி வண்ணம் அடிச்சாங்க. பாரம்பரியத் தலம், அனுமதி வாங்காமல் எப்படி அடிக்கலாம் என்று அந்நாட்டு மரபுடைமைத் துறை கேட்டது. கோவில் தரப்புக்கு அது கும்பாபிஷேகத்தை ஒட்டிய திருப்பணி. காப்பாற்ற வேண்டிய பழைய கல் ஒரு கண்ணுக்கு, அழகுபடுத்த வேண்டிய சாமி வீடு இன்னொரு கண்ணுக்கு. இரண்டு பேரும் பாரம்பரியத்தைத்தான் பேசுறாங்க.

அலை திரும்பி வருது

2006ல் பத்துமலை அடிவாரத்தில் 140 அடி முருகன் எழுந்தார். சுமார் 1,550 கன மீட்டர் கான்கிரீட், 250 டன் இரும்புக் கம்பி. செய்தது இங்கிருந்து போன திருவாரூர்ச் சிற்பியின் குழு. அந்தச் சிலையைப் பார்த்து வந்த ஆசையில், அதே குழுவை வெச்சு, சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகன் 2022ல் வந்தார். ஆறடி கூட! இங்கிருந்து போன முருகன் அங்கே வளர்ந்து, வளர்ந்த உயரத்தோடு திரும்பி வந்திருக்கார். 2021ல் நம்ம ஊர் விடுமுறையையும் இந்த வரிசையில் வெச்சுப் பார்க்கலாம்.

ஊரிலேயே தங்கிட்டவங்க திருவிழாவும் அப்படியே நிற்கலை. ஊர்த் திருவிழா வரி ஜிபேயில் போகுது. பெங்களூர் பசங்களுக்கு லீவு கிடைக்கிற வாரத்தைப் பார்த்துத் தேதி பேசுறாங்க. சாமி தூக்க ஆள் பத்தாத ஊரில் சாமி டிராக்டரில் வருது.

இப்போ நாமதான் அக்கம்பக்கத்தார்

கடைசியா ஒண்ணு. கார்த்திகை மாதத்தை ஒட்டி, தீபாவளி முடிஞ்ச ஆறாம் நாள் சென்னை மெரினாவுக்குப் போனால், பீகார்க்காரங்க சட் பூஜை செய்வதைப் பார்க்கலாம். மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் தண்ணீரில் நின்று அர்க்கியம் கொடுக்கணும். அவங்க ஊரில் அது ஆற்றங்கரை. மெரினாவில் கடல் கிழக்கே இருக்கு, சூரியன் மறைவது ஊருக்குப் பின்னால். அதனால் சாயங்காலம் அலைக்கு முதுகு காட்டி, கட்டடங்களைப் பார்த்துக் கும்பிடணும். நூறு வருஷம் முன்னால் மலாயாவில் நம்மாளு என்ன பண்ணினாரோ, அதையே அவங்க இங்கே பண்றாங்க: எடுத்துட்டு வர முடிஞ்சதை வெச்சு, கிடைச்ச தண்ணியில்.

நம்ம காலேஜ் புது பில்டிங்கில் சாரம் கட்டுறவங்க, மெஸ்ஸில் ரொட்டி போடுற அண்ணன்கள், இவங்களுக்கும் ஒரு திருவிழா இருக்கு, அன்றைக்கு லீவு இருக்கான்னு தெரியாது. பினாங்கில் சாலையோரம் தேங்காய் குவிச்சு வெச்ச சீனர் மாதிரி நாம இருக்கப் போறோமா, இல்லை "இவங்க எதுக்கு இங்க வந்து"ன்னு கேட்கப் போறோமா? அதை முடிவு பண்ண வேண்டியது நாமதான்.

பிளேஸ்மென்ட் முடிஞ்சதும் நம்மில் பாதிப் பேர் ஊரை விட்டுப் போகப் போறோம். போறதுக்கு முன்னாடி, அடுத்த தடவை வீட்டுக்குப் போகும்போது அப்பத்தாகிட்டயோ தாத்தாகிட்டயோ உட்கார்ந்து கேளுங்க: நம்ம திருவிழாவில் நம்ம வீட்டு முறை என்ன, யார் வீட்டுக் கொட்டு, யாரை வெளியே நிற்க வெச்சாங்க, எந்தக் குளம். கேட்டு போனில் ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க. எதைக் கூட எடுத்துட்டுப் போறது, எதை இங்கேயே விட்டுட்டுப் போறதுன்னு யோசிக்கிற நேரம் வரும்போது அது கையில் இருக்கட்டும்.